24 வருடம் கழித்துத் திரும்பிய ஹோண்டா பிரெலூட்: இது ஸ்போர்ட்ஸ் கூப்பேதானா?

கடற்கரைச்சாலை (யோகோஹாமா):

சனிக்கிழமை ஹோண்டாவின் இரண்டு கதவுக் கூப்பே, புது பிரெலூட்டை ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு நாளாக மனது அதிலேயே நிற்கிறது, அதனால்தான் இந்த இழை.

வீட்டுக்குப் பக்கத்து ஷோரூமில் வெள்ளை வண்டி ஒன்று நிற்கிறது. படத்தில் தெரிவதைவிட நேரில் இன்னும் தாழ்வு, இன்னும் அகலம். உயரம் 1,355 மி.மீ, அகலம் 1,880. கதவுக் கைப்பிடி பாடியோடு பாடியாகப் படிந்திருக்கிறது. பின்பக்கக் கண்ணாடியோடு சேர்ந்தே டிக்கி திறக்கிறது, உள்ளே நல்ல இடம். பின் இருக்கை சின்னது, பெரியவர்கள் நெடுந்தூரம் உட்கார முடியாது.

முதல் பத்து நிமிடம் ஊருக்குள் சத்தமே இல்லாமல் போனது. மோட்டார்தான் இழுக்கிறது, எஞ்சின் எப்போது விழித்தது, எப்போது தூங்கியது என்று கவனித்தால்தான் தெரியும். அப்புறம் மலையடிவாரத்து வளைவுகளில், கியர் மாறும் உணர்வைத் தரும் எஸ்+ பொத்தானை அழுத்தினேன். வண்டியின் குணமே மாறியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடது பேடிலைத் தட்டினால் எஞ்சின் ஒரு உறுமல் உறுமி வேகத்தைப் பிடித்து வைக்கிறது, அடுத்த வளைவுக்குள் மூக்கு தானாக நுழைகிறது.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, ‘இருக்கை சோபா மாதிரி இருக்கு’ என்றாள். எனக்கோ இடுப்பை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருந்தது. இருக்கை இரண்டையும் வேண்டுமென்றே வேறுவேறாகச் செய்திருக்கிறார்களாம். ஓட்டுபவருக்குப் பிடிமானம், பக்கத்தில் இருப்பவருக்கு நிம்மதி. ஒரு கார் கம்பெனி உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறதே என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

யாராவது ஓட்டினீர்களா? என்ன நினைக்கிறீர்கள்?

ஒன்பதாயிரம் (கோலாலம்பூர்):

உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் இதன் விலை 61,79,800 யென். 2022-இல் ஹோண்டாவின் வேக வண்டியான சிவிக் டைப் ஆர் வந்தபோது அதன் விலை 49,97,300 யென். அதில் 330 குதிரைத்திறன், ஆறு கியர், கிளட்சோடு மூன்று பெடல். இதில் மோட்டார் 184 குதிரைத்திறன். கியர்பெட்டியே கிடையாது. எட்டு கியர் இருப்பது போல ஒரு நடிப்பு, அதற்கு ஒலிபெருக்கி வழியாக ஒரு துணை.

என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். 1999-இல் வந்த ஹோண்டாவின் ஸ்போர்ட்ஸ் கார் எஸ்2000-ஐ நினைத்துப் பாருங்கள். 2 லிட்டர் எஞ்சின், டர்போ இல்லை, 250 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை முள் ஏறும். சுற்று ஏற ஏற ஒலி மாறுவதைக் கேட்டவனுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. அதைச் செய்த கம்பெனி இன்று கியர் மாற்றும் உணர்வை மென்பொருளில் எழுதித் தருகிறது. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

பிரெலூட் என்ற பெயரை வைக்காமல் வேறு பெயர் வைத்திருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

புதுச்சாவி (சென்னை):

அண்ணா, நான் 2003-இல் பிறந்தவள். பிரெலூட் 2001-லேயே நின்றுவிட்டது என்று படித்தேன். அந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அது பெரிய வேகக் காரா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பனிச்சாலை (ஸ்கார்பரோ):

தங்கச்சி, இதற்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும். 1990-களில் என்னிடம் மூன்றாம் தலைமுறை பிரெலூட் இருந்தது, நான்கு சக்கரமும் திரும்பும் வகை.

முதலில் பெயர். இந்தக் கம்பெனிக்கு இசைப் பெயர்கள் மேல் ஒரு காதல் உண்டு. பிரெலூட், பல்லாட், கான்செர்டோ, குவின்டெட், ஜாஸ், பீட். பிரெலூட் என்றால் கச்சேரிக்கு முன் வரும் முன்னிசை. வரப்போகிற தொழில்நுட்பத்தை முதலில் வாசித்துக் காட்டும் வண்டி என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

1978-இல் முதல் பிரெலூட் வந்தது. கூரையில் மின்சாரத்தில் திறக்கும் ஜன்னல் இருந்தது, வேகம் என்று பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 1982-இல் இரண்டாவது. அதில்தான் ஜப்பானில் முதல்முறையாக நான்கு சக்கரத்துக்கும் பூட்டிக்கொள்ளாத பிரேக்கைக் கொண்டுவந்தார்கள், ஏ.எல்.பி என்று பெயர். முன் சஸ்பென்ஷனை டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) ஆக்கிப் பானெட்டை அவ்வளவு தாழ்த்தினார்கள். ஜப்பானில் அதை ‘டேட் கார்’ என்பார்கள், காதலியோடு ஊர் சுற்றும் கார். பக்கத்து இருக்கையைச் சாய்க்கும் பிடியை ஓட்டுநர் பக்கத்திலிருந்தும் எட்டலாம். அந்தப் பிடியைப் பற்றி இன்றும் அங்கே ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் சிரித்துக்கொண்டே பேசுவார்கள்.

என் வண்டிக்கு வருகிறேன். 1987-இல் மூன்றாவது. பின்சக்கரங்களைத் திருப்ப அதில் கணினியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு இரும்புத் தண்டு வண்டியின் அடியில் பின்னால் வரை போகும். அங்கே ஒரு பல்சக்கரப் பெட்டி. ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் பின்சக்கரமும் முன்சக்கரம் போகிற பக்கமே ஒன்றரை டிகிரி அளவுக்குத் திரும்பும். அதனால் நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது வண்டி நண்டு போல அப்படியே பக்கவாட்டில் நகரும், வால் ஆடாது. இன்னும் திருப்பிக்கொண்டே போனால் பின்சக்கரம் நேராகி, அப்புறம் எதிர்ப்பக்கம் ஐந்து டிகிரி வரை போகும். அப்போது தெருவோரம் பார்க் செய்வதைப் பார்க்க வேண்டும்! இரண்டு காருக்கு நடுவில் இருக்கும் சந்தில் வண்டி சுருண்டு நுழையும். முதல் வாரம் பின்பக்கம் நடைபாதை விளிம்பில் இடித்துவிடுமோ என்று பயந்து பயந்து நுழைத்தேன். பழகிய பிறகு வேறு வண்டியை எடுத்தால் மரக்கட்டையை ஓட்டுவது போல இருக்கும்.

கையில் எவ்வளவு திருப்புகிறோம் என்பதை மட்டும் வைத்து இது நெடுஞ்சாலையா, பார்க்கிங்கா என்று ஒரு இரும்புப் பெட்டி கண்டுபிடித்துவிடுகிறது. வேகத்தில் யாரும் ஸ்டீயரிங்கை முழுதாகச் சுற்ற மாட்டார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். எவ்வளவு எளிமை என்று யோசித்துப் பார்.

நான்காவதில் அதை மின்னணு முறைக்கு மாற்றினார்கள். 1996-இல் வந்த ஐந்தாவதில் ஒரு வகைக்கு, வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அதிக விசை அனுப்பும் ஏ.டி.டி.எஸ் வைத்தார்கள். 2001-இல் கதை முடிந்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு பின் இருக்கை போதாமல் நான் என்னுடையதை விற்றேன். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆக, ஒன்பதாயிரம் சொல்வதற்கு என் பதில்: பிரெலூட் எந்தக் காலத்திலும் ஹோண்டாவின் மிக வேகமான வண்டியாக இருந்ததில்லை. புதுசாக, கொஞ்சம் கிறுக்குத்தனமாக ஒன்றைச் செய்துபார்க்கும் வண்டியாகத்தான் இருந்தது.

புதுச்சாவி (சென்னை):

நண்டு போல நகரும் என்று படித்ததும் அப்படியே கண்ணில் தெரிந்தது, நன்றி அண்ணா! இன்னொரு கேள்வி. கியர்பெட்டி இல்லாமல் எட்டு கியர் எப்படி வரும்?

பட்டறைக்காரர் (கோவை):

இதை நான் சொல்கிறேன் பாப்பா. இந்தக் குடும்பத்து ஹைபிரிட் அமைப்பு 2022 முதல் நம்ம ஊர் ஹோண்டா சிட்டி காரிலும் வருகிறது. அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வழக்கமான கியர்பெட்டி இருக்காது.

இரண்டு மோட்டார். ஒன்று எஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் உண்டாக்குவது, மற்றொன்று சக்கரத்தைச் சுழற்றுவது. பெரும்பாலான நேரம் எஞ்சின் ஜெனரேட்டர் வேலைதான் பார்க்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினே நேராகச் சக்கரத்தை இழுக்கும். பிரெலூட்டில் எஞ்சின் 2 லிட்டர், மோட்டாரின் முறுக்குவிசை 315 நியூட்டன் மீட்டர். அந்த விசை நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும், சுற்று ஏறக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரி வண்டியில் ஒரு குறை எப்போதும் உண்டு. கால் ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். வேகம் ஏறிக்கொண்டே இருக்கும், எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருக்கும். எஸ்+ செய்வது என்னவென்றால், எஞ்சின் சுற்றைச் சக்கர வேகத்தோடு படிப்படியாகக் கட்டிவிடுகிறது. கீழே ஒரு படி இறக்கினால் எஞ்சின் உண்மையாகவே சுற்றை ஏற்றுகிறது, வண்டியும் உண்மையாகவே இழுத்துப் பிடிக்கிறது. ஒலிபெருக்கி அந்தச் சத்தத்தைக் கூட்டித் தருகிறது. ஆகவே முழுக்க நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எஞ்சின் நிஜமாகச் சுற்றுகிறது. பல்சக்கரம் இருந்தால் வந்திருக்கும் படிகளை மின்சாரத்தால் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கும் கையில் ஒரு கியர் கம்பி இருந்தால்தான் நிறைவு. முப்பது வருடப் பழக்கம் அது. ஆனால் வேலைப்பாடு சுத்தமான வேலைப்பாடு, அதில் சந்தேகமே இல்லை.

ஒன்பதாயிரம் (கோலாலம்பூர்):

பட்டறை அண்ணன் விளக்கம் அருமை. ஆனாலும் என் மனக்குறை தீரவில்லை. ஹோண்டா அடிப்படையில் எஞ்சின் கம்பெனி. 1989-இல் விடெக் (சுற்றுக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் முறை) வந்தபோது 1.6 லிட்டரில் டர்போ இல்லாமல் 160 குதிரைத்திறன் எடுத்துக் காட்டியவர்கள். 1988-இல் மெக்லாரனோடு சேர்ந்து 16 ஃபார்முலா 1 (எஃப் 1) பந்தயங்களில் 15-ஐ வென்றவர்கள். அப்படிப்பட்டவர்கள் எஞ்சினை ஜெனரேட்டராக மாற்றி உட்கார வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடற்கரைச்சாலை (யோகோஹாமா):

ஒன்பதாயிரம், நீங்கள் சொன்ன ஜெனரேட்டர் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். ஹோண்டாவின் கதை தொடங்கியதே ஜெனரேட்டரில்தான்.

சொய்ச்சிரோ ஹோண்டா போருக்கு முன் ஹமாமட்சுவில் பிஸ்டன் ரிங் செய்தவர். 1945-இல் அந்தக் கம்பெனியை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு ஒரு வருடம் வேலை எதுவும் செய்யாமல் இருந்தார். 1946-இல் ஜப்பானிய ராணுவம் விட்டுப்போன சின்ன எஞ்சின் ஒன்று அவர் கண்ணில் பட்டது. வானொலிக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டருக்காகச் செய்யப்பட்ட எஞ்சின் அது. அதைச் சைக்கிளில் மாட்டினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. பெட்ரோல் தொட்டிக்கு வழியில்லை. குளிர்காலத்தில் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை ஒன்று வீட்டில் இருந்தது, அதையே தொட்டியாக்கினார்.

ஓட்டிப் பார்த்தவர் அவர் மனைவி சச்சி. நல்ல கால்சட்டையை உடுத்திக்கொண்டு ஊர் நடுவில் ஓட்டிப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது உடை முழுக்க எண்ணெய். இப்படி இருந்தால் வாங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்று கணவரிடம் சொன்னாராம். பின்னாளில் அவரே இதை நினைவுகூர்ந்திருக்கிறார். டெஸ்ட் டிரைவ் அறிக்கை என்றால் அதுதான்.

அந்த ராணுவ எஞ்சின்கள் 500 அளவில்தான் கிடைத்தன. அவை தீர்ந்த பிறகுதான் சொந்தமாக எஞ்சின் செய்யத் தொடங்கினார். பெட்ரோல் ரேஷன் இருந்த காலம், பைன் மரத்து டர்பன்டைனைக் கலந்து வண்டிகளை ஓட்டினார்கள். போகும் வழியெல்லாம் பைன் வாடை வருமாம்.

எம்டி90 (யாழ்ப்பாணம்):

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடற்கரைச்சாலை அண்ணை கடைசியாக எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் எம்.டி 90 ஒன்று இருக்கிறது. ஜப்பான் தபால்காரர்களுக்கென்று ஹோண்டா செய்த கப் வகை மோட்டார் சைக்கிள். சிவப்பு. அப்பாவின் வண்டி. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காது. அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

அது எப்படி என்று சொல்கிறேன். சட்டைப்பையில் சின்னப் போத்தல் ஒன்று இருக்கும், அதற்குள் கொஞ்சம் பெற்றோல். பொன்னைப் போலக் காப்பாற்றுவார். காலையில் கார்புரேட்டருக்குள் சில துளி விட்டுக் கிக்கரை மிதிப்பார். எஞ்சின் பிடித்ததும் ஒரு நிமிடம் சூடாக விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வெள்ளைப் புகை. சந்தியில் நின்றுவிட்டால் மறுபடி போத்தல். ஆகவே சந்தியில் நிற்க விடமாட்டார், முறுக்கிக்கொண்டே இருப்பார். நான் பின்னால் இருந்து அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு போவேன். அவருடைய சேர்ட்டில் எப்போதும் மண்ணெண்ணெய் மணம்.

பைன் வாடை என்று வாசித்ததும் அந்த மணம்தான் வந்தது. பெற்றோல் இல்லாத ஊரில் பிறந்த கம்பெனியின் வண்டி பெற்றோல் இல்லாத எங்கள் ஊரில் ஓடியது. அப்பா இப்போது இல்லை. வண்டி இன்னும் ஓடுகிறது.

பட்டறைக்காரர் (கோவை):

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெட்ரோல் சொட்டு. சூடு ஏறிய பிறகும் இடிக்கும், கரி படியும். அத்தனையையும் தாங்கியிருக்கிறது என்றால் வண்டியும் வண்டி, பார்த்துக்கொண்ட கையும் கை. அந்தக் கார்புரேட்டரை மாற்றிவிடாமல் வைத்திருங்கள்.

கடற்கரைச்சாலை (யோகோஹாமா):

எம்டி90 தம்பி, இந்த இழையைத் தொடங்கியதற்கு உங்கள் பதிவு ஒன்றே போதும்.

கப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். 1958-இல் சூப்பர் கப் வந்தபோது அதில் கிளட்ச் பிடி கிடையாது. சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸ் தட்டுகளை ஒரு கையில் தாங்கிக்கொண்டு போகும் கடைப் பையன் மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக. 2017-க்குள் 10 கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். கிளட்ச் பிடி இல்லாத வண்டியா என்று அப்போதும் யாராவது முகம் சுளித்திருப்பார்கள்.

பனிச்சாலை (ஸ்கார்பரோ):

கார் செய்ய வந்த கதையும் அப்படித்தான்.

1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு ஒரு சட்ட வரைவு தயாரித்தது. இருக்கிற கார் கம்பெனிகளை வலுப்படுத்த வேண்டும், புதிதாக யாரும் நுழையக் கூடாது என்பது நோக்கம். மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஹோண்டாவுக்குக் கதவு மூடப்போகிறது. அதற்குள் கார் செய்கிறவர்கள் என்று காட்டிவிட வேண்டும் என்று அவசரம் அவசரமாக இறங்கினார்கள். அந்தச் சட்டம் கடைசியில் நிறைவேறவே இல்லை.

1963-இல் அவர்கள் விற்ற முதல் நான்கு சக்கர வண்டி ஒரு சின்னச் சுமை வண்டி, டி360. காய்கறி மூட்டை ஏற்றும் வண்டி. அதற்குப் பந்தய வண்டிக்கு வைப்பது போல இரட்டைக் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு இரண்டு) எஞ்சின்! 354 சிசி-தான், 8,500 சுற்றில் 30 குதிரைத்திறன். சுமை வண்டியில் எஞ்சின் 8,500 சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாயிரம் அவர்களே, உங்கள் எஸ்2000-க்குப் பாட்டன் இந்த மூட்டை வண்டிதான்.

இரண்டு மாதத்தில் எஸ்500 என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கரங்களுக்கு விசை போனது மோட்டார் சைக்கிள் போலச் சங்கிலி வழியாக. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சங்கிலி, அதை மூடிய பெட்டியே சஸ்பென்ஷன் கை. அதனால் வேகம் கொடுத்தால் மற்றக் கார்கள் பின்னால் குந்தும், இது பின்பக்கத்தைத் தூக்கும். தெரிந்த வித்தையை எடுத்து வந்து தெரியாத இடத்தில் துணிந்து வைத்திருக்கிறார்கள்.

நிறத்துக்கும் ஒரு சண்டை. அந்தக் காலத்து ஜப்பானில் சிவப்பு என்றால் தீயணைப்பு வண்டி, தனியார் காருக்கு அனுமதி இல்லை. சொய்ச்சிரோவுக்குத் தன் ஸ்போர்ட்ஸ் கார் சிவப்பில்தான் வேண்டும். வடிவமைப்பின் அடிப்படை நிறத்தையே அரசு பிடித்து வைத்துக்கொள்வதா என்று பத்திரிகையில் எழுதினார். அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பப் போய் அனுமதி வாங்கிவிட்டார்கள்.

அடுத்த வருடமே எஃப் 1. 1965 மெக்சிகோ பந்தயத்தில் ரிச்சி கிந்தர் ஆர்ஏ272 என்ற ஹோண்டா பந்தயக் காரை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். முதல் கார் விற்று இரண்டே வருடம்.

புதுச்சாவி (சென்னை):

இதெல்லாம் படிக்கப் படிக்க ஒரு சந்தேகம். இவர்கள் துணிந்து செய்தது எதுவும் தோற்றதே இல்லையா?

பட்டறைக்காரர் (கோவை):

தோற்றது உண்டு பாப்பா, ஒன்று உயிரையும் வாங்கியது. அதையும் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

சொய்ச்சிரோவுக்குக் காற்றில் குளிரும் எஞ்சின் மேல் தீராத பிடிவாதம். தண்ணீரும் கடைசியில் காற்றில்தானே ஆறுகிறது, நேராகவே காற்றில் ஆற்றிவிட்டால் போகிறது என்பது அவர் வாதம். மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. 1968-இல் ஆர்ஏ302 என்ற காற்றுக் குளிர்ச்சி எஃப் 1 காரைச் செய்தார்கள். பாடியில் மக்னீசியம். அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அது தயாராகவில்லை என்று ஓட்ட மறுத்தார். பிரான்சில் ரூவான் பந்தயத்தில் ஜோ ஷ்லெஸ்ஸர் ஓட்டினார். மூன்றாவது சுற்றில் கார் மோதித் தீப்பிடித்தது, அவர் இறந்துபோனார். அந்த வருடத்தோடு ஹோண்டா எஃப் 1-ஐ விட்டு விலகியது.

அதற்கு அடுத்த வருடம் ஹோண்டா 1300 என்ற கார், அதிலும் காற்றுக் குளிர்ச்சி. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் எடை கூடி, செலவு கூடி, விற்பனையில் படுத்துவிட்டது. இளம் பொறியாளர்கள் புகை மாசைக் குறைக்கத் தண்ணீர்க் குளிர்ச்சிதான் வேண்டும் என்றார்கள். முதலாளி கேட்கவில்லை. கடைசியில் கம்பெனியின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்ட கூட்டாளி தக்கேயோ புஜிசாவா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராகவா? யோசித்துவிட்டுத் தலைவர் என்றார். அன்றோடு தண்ணீர்க் குளிர்ச்சிக்கு வழிவிட்டார்.

அதில் பிறந்ததுதான் சிவிசிசி என்ற எஞ்சின். சிலிண்டருக்கு மேல் சின்னதாக ஒரு அறை. அதற்குள் பெட்ரோல் கூடிய கலவை, பெரிய அறையில் பெட்ரோல் குறைந்த கலவை. ஸ்பார்க் சின்ன அறையில் விழும், அந்தச் சுடர் பெரிய அறைக்குள் போய் நிதானமாக எரிக்கும். விறகடுப்பில் சுள்ளியைப் பற்றவைத்துக் கட்டையை எரிக்கிற மாதிரி. சைலன்சரில் மாசைக் குறைக்கும் தனிக் கருவி எதுவும் இல்லாமலே அமெரிக்காவின் புதிய மாசுச் சட்டத்தை முதலில் தாண்டியது இந்த எஞ்சின்தான். 1972 கடைசியில் சோதனையில் தேறியது.

இது சின்ன மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குத்தான் ஆகும், எங்கள் பெரிய எஞ்சினுக்கு ஆகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் சொன்னார்கள். ஹோண்டாவினர் 1973 மாடல் ஷெவர்லே இம்பாலா ஒன்றை வாங்கி ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். அதற்குச் சிவிசிசி தலைப்பகுதியைச் செய்து மாட்டி, திரும்ப அமெரிக்காவுக்கு அனுப்பி, ஆன் ஆர்பரில் அரசுச் சோதனையில் தேற வைத்தார்கள். அடுத்தவன் எஞ்சினைத் திறந்து திருத்திக் காட்டுவதற்கு எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்! எஞ்சின் தலையை இறக்கி வேலை பார்த்தவனுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

இன்னும் ஒன்று. சிவிசிசி வந்ததும், பெரிய கம்பெனிகளை எட்டிப் பிடிக்க இதுதான் தருணம் என்று சொய்ச்சிரோ சொல்லியிருக்கிறார். இளம் பொறியாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் கம்பெனிக்காகச் செய்யவில்லை, நாளைய பிள்ளைகள் மூச்சு விடுவதற்காகச் செய்தோம் என்றார்கள். தன் காலம் முடிந்தது என்று அப்போதுதான் அவருக்குப் பட்டதாம். 1973-இல் அவரும் புஜிசாவாவும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். அவருக்கு வயது 66.

ஒன்பதாயிரம் (கோலாலம்பூர்):

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதவில்லை.

சிவிசிசி கதை எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. காற்றுக் குளிர்ச்சியை விட முடியாமல் பிடித்துக்கொண்டிருந்த சொய்ச்சிரோவின் இடத்தில் இப்போது நான் நிற்கிறேனோ என்று தோன்றியது. 9,000 சுற்று எனக்கு அப்படிப்பட்ட பிடிமானம்.

இருந்தாலும் விலையை நான் விடமாட்டேன். டைப் ஆரைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கடற்கரைச்சாலை, இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

கடற்கரைச்சாலை (யோகோஹாமா):

நியாயமான கேள்வி. வேகத்துக்குப் பணம் கொடுப்பவர் இதை வாங்கக் கூடாது. அதே பணத்துக்கு வேகமான வண்டிகள் இருக்கின்றன, அதில் வாதமே இல்லை.

டைப் ஆரின் அடிப்பகுதி இதில் இருக்கிறது. முன் சஸ்பென்ஷனில் ஸ்ட்ரட்டும் (அதிர்ச்சி தாங்கும் தூண்) சக்கரம் திரும்பும் அச்சும் தனித்தனி. அதனால் முன்சக்கரத்தில் முழு விசையும் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை இழுக்காது. பிரெம்போ கம்பெனியின் பிரேக்கும் இருக்கிறது. வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,605 மி.மீ, சிவிக்கைவிட 13 செ.மீ குறைவு. இறுக்கமான வளைவில் அந்தக் குறைவு நன்றாகவே தெரிந்தது. டைப் ஆரை ஓட்டும்போது வண்டி நம்மை விரட்டும். இது அப்படி இல்லை. வடிவமைப்பாளர்கள் கிளைடர் விமானத்தை மனதில் வைத்துச் செய்ததாகச் சொல்கிறார்கள், காலை எடுத்த பிறகும் மிதந்து போகிற அந்த உணர்வு உண்மையாகவே இருக்கிறது.

மாதம் 300 வண்டி விற்றால் போதும் என்று ஜப்பானில் தொடங்கினார்கள். முதல் மாதத்திலேயே சுமார் 2,400 ஆர்டர். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். நான் போன அன்றும் எனக்கு முன்னால் தலை நரைத்த தம்பதி நின்றார்கள். அந்த அம்மாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, மறுபடி திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தார். அவர் கணவர் வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வண்டி யாருக்கு என்பது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

எனக்கும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். மூன்று பெடல் வகை ஒன்றும் கூடவே வந்திருக்க வேண்டும்.

எம்டி90 (யாழ்ப்பாணம்):

கார்புரேட்டரைப் பற்றிக் கோவை அண்ணை சொன்னதால் நேற்று கழற்றித் துடைத்துப் பூட்டினேன். அப்பா வைத்த அதே கார்புரேட்டர்தான், மாற்றவில்லை. இரண்டாவது மிதியில் பிடித்தது.

புதுச்சாவி (சென்னை):

யாரும் இன்னும் மோட்டோகம்போவைப் பற்றிச் சொல்லவில்லையே! நான் இந்தக் கம்பெனியைக் கவனித்ததே அதனால்தான். 1981-இல் சிட்டி காரின் டிக்கியில் வைப்பதற்கென்றே ஒரு குட்டி ஸ்கூட்டர். ஹேண்டில்பாரையும் சீட்டையும் உள்ளே மடித்தால் பெட்டி போல ஆகிவிடும். காரை எங்கேயோ நிறுத்திவிட்டு மிச்ச தூரம் அதில் போகலாம்.

பனிச்சாலை (ஸ்கார்பரோ):

பார், உனக்கும் பிடித்துவிட்டது! அதே 1981-இல் செயற்கைக்கோள் வழிகாட்டியே இல்லாத காலத்தில் அக்கார்டில் வழிகாட்டும் கருவி வைத்தார்கள், எலெக்ட்ரோ கைரோகேட்டர். ஊர் வரைபடத்தைக் கண்ணாடித் தாளில் அச்சிட்டுத் திரைக்கு முன்னால் செருக வேண்டும். வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு தூரம் ஓடியது என்று அந்தக் கருவி கணக்கிட்டு, தாளுக்குப் பின்னால் ஒரு ஒளிப்புள்ளியை நகர்த்தும். வரைபடம் முடிந்தால் அடுத்த தாளை நாமே எடுத்துச் செருக வேண்டும்.

ஒன்பதாயிரம் (கோலாலம்பூர்):

அடுத்த மாதம் வேலையாக டோக்கியோ வருகிறேன், மகளும் வருகிறாள். ஒருநாள் மோட்டெகியில் ஹோண்டா கலெக்‌ஷன் ஹால் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். கடற்கரைச்சாலை, போயிருக்கிறீர்களா? மறுநாள் அந்த எஸ்+ பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுகிறேன். அழுத்திப் பார்க்காமலே பேசிக்கொண்டிருப்பது சரியில்லை.

கடற்கரைச்சாலை (யோகோஹாமா):

போயிருக்கிறேன், மறுபடியும் போக ஆசைதான். 2024-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். பக்கத்தில் பெரிய ரயில் நிலையம் கிடையாது, உட்சுனோமியா வரை ஷின்கான்சென் அதிவேக ரயிலில் வந்து அங்கிருந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். தனியாக அலைய வேண்டாம், உட்சுனோமியாவுக்கு நான் வண்டியோடு வந்துவிடுகிறேன். அங்குள்ள பழைய வண்டிகள் பலவற்றை ஓடும் நிலையிலேயே பராமரிக்கிறார்கள். மகளுக்கு முதலில் அந்த மூட்டை வண்டியைக் காட்டுங்கள், அப்புறம் ஆர்ஏ272. நாளும் ரயில் நேரமும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.